காவல் உள்ள நிலமும் காவல் இல்லாத நிலமும்: கேளம்பாக்கம் வட்டாரத்தில் காலனிய ஆட்சியின் எச்சம்

1. கேள்வி

கேளம்பாக்கத்திலிருந்து கிழக்கே கோவளம் செல்லும் சாலை, பக்கிங்காம் கால்வாயையும் உப்பங்கழியையும் கடக்கிறது. வழியில் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். மேற்கே பழைய மாமல்லபுரம் சாலையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் சிறுசேரித் தொழில்நுட்பப் பூங்காவும் அவற்றைச் சுற்றி மனைப் பிரிவுகளும் பெருகிக் கிடக்கின்றன. இந்த நிலப்பரப்பில் பிரிட்டிஷ் ஆட்சி விட்டுச் சென்றது என்ன என்று கேட்டால் கால்வாயைச் சொல்வார்கள். உப்பு வரியைச் சொல்வார்கள். சிலர் ஆங்கிலக் கல்வியையும் சொல்வார்கள். கால்வாயில் இன்று படகுப் போக்குவரத்து இல்லை. உப்பு வரி 1947 ஏப்ரலோடு முடிந்தது. கண்ணுக்குத் தெரியும் இந்த எச்சங்களைவிட நீண்ட ஆயுள் கொண்டது ஒன்று உண்டு. நிலத்தைப் பதிவேட்டில் ஒரு வகைக்குள் எழுதி, அந்த வகையைக் கொண்டே யாருக்கு என்ன உரிமை என்று தீர்மானிக்கும் முறை அது.

இந்த முறை எல்லோரையும் ஒரேபோல் பாதிக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அதைச் சோதிக்க இரண்டு வகை நிலங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் காவல் போட்ட உப்பளம். மற்றொன்று, 1892ஆம் ஆண்டின் வருவாய்த் துறை அரசாணையிலிருந்து தோன்றி, பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்ற ஒப்படை நிலம். இரண்டும் ஒரே அரசு மூன்றாண்டு இடைவெளியில் எழுதியவை. உப்பளம் பெருமளவு நின்றது. பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப் போனது. ஏன்?

2. இதுவரை சொல்லப்பட்டவை

செங்கல்பட்டின் காலனிய வரலாறு குறித்து மூன்று விதமான விளக்கங்கள் வழக்கில் உள்ளன.

முதலாவது, வரலாற்றாய்வாளர் தரம்பாலின் வழியில் வந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்குகளையும் அதே காலத்து ஓலைச் சுவடிகளையும் சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தினர் ஆராய்ந்து, திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகளை 2001இல் நூலாக்கினர். திருப்போரூர் கேளம்பாக்கத்துக்கு அருகில் இருப்பதால் அந்நூல் நமக்கு நெருக்கமான சான்று. விளைச்சலில் கணிசமான பகுதி கோயில், ஏரி, கணக்குப்பிள்ளை, தச்சர், வண்ணார், வெட்டியார் எனப் பலருக்கும் மேரை எனப்பட்ட களத்து நெல் பங்காகவும் மானியமாகவும் போனதை அக்கணக்குகள் காட்டுகின்றன. தன்னைத் தானே நடத்திக்கொண்ட ஊர்ச் சமூகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி சிதைத்தது என்பது இவர்கள் எட்டும் முடிவு.

இரண்டாவது விளக்கம் இதற்கு நேர்மாறானது. நிலமற்ற உழைப்பாளர் என்ற பிரிவே பிரிட்டிஷ் ஆட்சியின் படைப்பு என்ற கருத்தைத் தர்மா குமார் 1965இல் வெளியான தம் நூலில் மறுத்தார். கம்பெனி வருவதற்கு முன்பே சாதியோடு பிணைந்த நிலமின்மையும் அடிமை உழைப்பும் தென்னிந்தியாவில் இருந்தன என்பது அவர் நிறுவியது.

மூன்றாவது விளக்கம் ஆட்சியும் ஊரும் சேர்ந்து செய்ததைப் பார்க்கிறது. யூஜின் இர்ஷிக் 1994இல் செங்கல்பட்டையே களமாக எடுத்துக்கொண்டு, காலனிய அறிவு என்பது அதிகாரிகளும் உள்ளூர் மக்களும் நடத்திய உரையாடலின் விளைவு என்றார். பவானி ராமன் (2012) கச்சேரி எனப்பட்ட அரசு அலுவலகத்தின் எழுத்து அதிகாரத்தையும் அங்கிருந்த எழுத்தர்களின் பங்கையும் விரித்துக் காட்டினார். ரூபா விஸ்வநாத் (2014) அந்த உரையாடலில் யாருக்கு இடமில்லை என்று கேட்டார். நில உடைமைச் சாதிகளும் வருவாய் அரசும் ஒருவரையொருவர் தாங்கி நின்ற கூட்டு அவர் நூலின் மையம்.

முதல் விளக்கம் தவறான தகவல்களைத் தரவில்லை. ஆனால் தான் தரும் தகவலிலேயே உள்ள ஒரு வேறுபாட்டைக் கடந்துபோகிறது. களத்தில் நெல் அளந்து தருவது ஒன்று. காணியில் பங்கு தருவது வேறொன்று. வெட்டியாருக்கும் தோட்டிக்கும் மரக்கால் கணக்கில் நெல் கிடைத்தது. ஊர் நிலத்தின் பங்காளிகள் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. இரண்டாவது விளக்கம் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் பழைய ஏற்றத்தாழ்வு காலனிய ஆட்சியில் என்ன புது வடிவம் எடுத்தது என்ற கேள்வி அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. மூன்றாவது விளக்கமே நம் கேள்விக்கு ஏற்ற தளம். அதையும் ஓரடி நகர்த்த வேண்டும். ஆவணத்தில் எழுதப்பட்டது எது என்பதோடு, எழுதியதைக் காக்க யார் நிறுத்தப்பட்டார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

3. மிராசு எழுத்தில் ஏறிய விதம்

ஆற்காட்டு நவாபு முகமது அலி 1763இல் செங்கல்பட்டுப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780 வரை அதே நவாபுக்குக் குத்தகைக்கு விட்டிருந்த கம்பெனி, அவ்வாண்டு நேரடி நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் ஐதர் அலியின் படையெடுப்பால் இப்பகுதி பாழானது. ஊர்கள் காலியாகி, ஏரிகள் உடைந்து கிடந்த நிலத்தில் வரி வசூலிக்க வந்தவர்தான் 1794 முதல் 1798 வரை ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ். சாகுபடிக்கு ஆள் திரட்டுவதும், அந்த ஆட்கள் நிலத்தை விட்டுப் போகாமல் நிறுத்துவதும் அவருடைய முதற்கவலைகள். ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்கு கொண்ட மிராசுதாரர்களோடு அவர் மோதினார். எனினும் அவர்கள் இல்லாமல் அவரால் வரி திரட்ட முடியவில்லை.

மிராசு உரிமை என்ன என்று அரசு முறையாகக் கேட்ட கேள்விகளுக்கு எப்.டபிள்யூ. எல்லிஸ், சங்கரய்யா போன்ற தமிழறிந்த அலுவலர்களின் துணையோடு எழுதிய பதில்கள் 1818இல் அச்சேறின. காணியாட்சி, பங்கு, பாசங்கரை, உள்குடி, புறக்குடி, சுதந்திரம் ஆகிய சொற்கள் வருவாய்த் துறையின் மொழிக்குள் நுழைந்தது இப்படித்தான். கல்வெட்டும் செப்பேடும் வழக்காறும் சான்றாகக் காட்டப்பட்டன. அறிவு முயற்சியாக இது மதிக்கத்தக்கது. ஆனால் கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் மிராசுதாரர்கள். அதாவது வெள்ளாளரும் பிராமணரும். தம் உரிமை சாகுபடி நிலத்தோடு நிற்கவில்லை, ஊரின் தரிசு, நத்தம், மரம், ஏரி மீன் என எல்லாவற்றையும் தழுவியது என்று அவர்கள் சொன்னார்கள். ஊருக்கு ஊர் வேறுபட்டும் பேரத்துக்கு உட்பட்டும் இருந்த ஓர் உரிமை, அச்சில் ஏறியதும் மாறாத மரபாகத் தோற்றம் கொண்டது.

ஜமீன் முறையையும் கிராமக் குத்தகையையும் முயன்று பார்த்த பிறகு ரயத்துவாரி வந்தது. கொள்கையளவில் அரசுக்கும் உழவருக்கும் நடுவே யாரும் இல்லை என்பதே அந்த முறை. செங்கல்பட்டில் அது மிராசின் மீது அமர்த்தப்பட்டது. பட்டா வாங்கிய மிராசுதாரருக்குப் புதிய உரிமையும் கிடைத்தது. பழைய முன்னுரிமையும் கைவிட்டுப் போகவில்லை. களத்தில் நெல் பெற்றவர்களின் மேரையும் மானியமும் காலப்போக்கில் சுருங்கின, சில கூலியாயின, சில மறைந்தன. பங்கு பட்டாவாக மாறியது. மேரை எந்த உரிமையாகவும் மாறவில்லை.

4. தரிசு யாருக்கு?

இந்த ஏற்பாட்டின் கூர்முனை தரிசு நிலத்தில் தெரிந்தது. சாகுபடியில் இல்லாத நிலத்தை ஒருவர் எடுத்துக்கொள்ள விரும்பினால் தர்க்காஸ்து கொடுக்க வேண்டும். செங்கல்பட்டில் அந்த மனுவின் மீது மிராசுதாரருக்கு முன்னுரிமை உண்டு. தாம் உழாத நிலமாயினும் பிறர் கேட்டவுடன் ‘எனக்கு வேண்டும்’ என்று குறுக்கிடலாம். தரிசு கிடந்தால் அரசுக்கு வரி இல்லை; மிராசுதாரருக்குக் கூலியாள் உண்டு. சொந்த நிலம் கிடைத்தால் படியாள் படியாளாக இருக்க மாட்டான் என்பது ஊரில் யாரும் அறியாததல்ல. 1843ஆம் ஆண்டின் சட்டம் அடிமை முறைக்கு நீதிமன்றப் பாதுகாப்பை நீக்கியது. ஆனால் சேரி நிற்கும் மனையே மிராசுதாரரின் நத்தம் என்று எழுதப்பட்டிருந்ததால், வேலையை மறுத்தவரைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவது எளிதாக இருந்தது.

இந்த நிலைமையை 1880களின் இறுதியில் பொதுவெளிக்குக் கொண்டு வந்தவர்களில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மறைப்பணியாளர்கள் முக்கியமானவர்கள். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் 1859இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கி அந்தக் குரலை மக்களின் சொந்தக் குரலாக்கினார். ஆட்சியராகப் பொறுப்பு வகித்த ஜே.எச்.ஏ. டிரெமென்ஹீர் 1891 அக்டோபரில் செங்கல்பட்டுப் பறையர் நிலை குறித்த அறிக்கையை அரசுக்கு அளித்தார். மனை உரிமை, தரிசு நிலம், கல்வி ஆகியவற்றை அவர் கேட்டார். மேலதிகாரிகள் எல்லோரும் அவர் வரைந்த சித்திரத்தை ஏற்கவில்லை. நெடிய விவாதத்தில் பரிந்துரைகள் பலவும் மெலிந்தன. 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட 1010ஆம் எண் அரசாணை அதன் பிறகே வந்தது.

அந்த ஆணையிலிருந்தும் அதைத் தொடர்ந்த விதிகளிலிருந்தும் உருவான ஒப்படை நிலங்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. முதல் பத்தாண்டுகளுக்குக் கைமாற்றக் கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். சென்னை மாகாணம் முழுவதும் இவ்வாறு 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகத் தலித் இயக்கங்கள் எடுத்துக்காட்டுகின்றன. எண்ணிக்கை குறித்து விவாதம் இருக்கலாம். நிபந்தனையின் நோக்கத்தில் ஐயமில்லை. கடனுக்கும் மிரட்டலுக்கும் நிலம் போய்விடும் என்று அரசே முன்கூட்டி அறிந்திருந்தது என்பதற்கு அந்த நிபந்தனையே சாட்சி.

5. உப்பு: கைவிடாத பிடி

இனி கழிக்கரைக்கு வருவோம். கோவளம் பழைய துறைமுகம். ஆஸ்டெண்ட் கம்பெனி அங்கே கடை விரித்தது. 1752இல் ராபர்ட் கிளைவ் அங்கிருந்த கோட்டையைப் பிடித்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இக்கரையில் நீடித்த வருமானம் உப்பிலிருந்து வந்தது. 1805ஆம் ஆண்டின் முதல் ஒழுங்குமுறைச் சட்டம் சென்னை மாகாணத்தில் உப்பை அரசின் ஏகபோகமாக்கியது. உப்பு விளைத்தவர்கள் குடிவாரம் என்ற நிர்ணயத் தொகையைப் பெற்றுக்கொண்டு விளைந்ததை முழுவதும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். கொட்டாரத்தில் அம்பாரமாகக் குவித்து, அரசு தான் வைத்த விலைக்கு விற்றது.

1876ஆம் ஆண்டின் உப்புக் குழுவுக்குப் பிறகு ஆயத்தீர்வை முறை வந்தது. உரிமம் பெற்றவர் தம் பொறுப்பில் உப்பு விளைக்கலாம். தீர்வை கட்டாமல் ஒரு மூட்டையும் அளத்தை விட்டுப் போகக் கூடாது. தாது வருடப் பஞ்சத்தில் ஊர்கள் வெறுமையான நாட்களில்தான் சென்னையில் உப்புத் தீர்வை மணங்குக்கு 2 ரூபாய் 8 அணாவாக உயர்ந்தது. 1882இல் 2 ரூபாயாகக் குறைந்து, 1888இல் மீண்டும் பழைய உயரத்தை எட்டியது. அடுத்த ஆண்டு வந்த சென்னை உப்புச் சட்டம், உரிமம் இல்லாமல் உப்பு எடுப்பதையும் கழியில் தானாக விளைந்த உப்பை அள்ளுவதையும் குற்றமாக்கியது. உப்புத் துறை அலுவலருக்கு நுழையவும் சோதனையிடவும் கைது செய்யவும் அதிகாரம் தந்தது. கரையோரமெங்கும் காவலர், சாவடி, கணக்கு, எடைமேடை என ஒரு முழு நிர்வாகம் எழுந்தது. வீட்டுக்கு எதிரே காற்றும் வெயிலும் விளைத்த ஒரு பிடி உப்பை அள்ளிய கரையோரத்துப் பெண்ணையும் அந்தச் சட்டம் தேடி வந்தது.

விடுதலைக்குப் பின் வரி போனது, துறை போகவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் 58ஆம் இனமாக உப்பு இடம்பெற்றது. 1953இல் வந்த உப்பு மேல்வரி 2016 வரை நீடித்தது. நாடு முழுவதும் ஏறத்தாழ 60,000 ஏக்கர் நிலம் ஒன்றிய உப்புத் துறையின் பெயரில் இருக்கிறது. தமிழகக் கரைக்கும் அதில் கணிசமான பங்குண்டு. அந்த நிலம் ஒன்றியத்துக்கா மாநிலத்துக்கா என்ற பூசல்கள் நடந்திருக்கின்றன. எந்தப் பூசலிலும் அது அரசின் நிலம் என்ற அடிப்படை அசையவில்லை.

6. மறுப்புகளும் மதிப்பீடும்

இந்த ஒப்பீட்டுக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழலாம்.

முதல் மறுப்பு இயற்கை சார்ந்தது. உவர் நிலம் நெல்லுக்கு ஆகாது. வெகுகாலம் அதை யாரும் விரும்பவில்லை. எனவே அது தப்பியதற்குக் காவல் காரணமில்லை. இதில் உண்மை உண்டு. ஆனால் 2000க்குப் பிறகு பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய எந்த நிலமும் விருப்பத்துக்கு வெளியே இல்லை. சாலைக்கு மேற்கே மேட்டு நிலம் சென்ட் கணக்கில் விற்ற காலத்தில் கிழக்கே உப்பளம் அதே வேகத்தில் மனையாகவில்லை. கரையோர ஒழுங்குமுறை விதிகள் அதற்கு ஒரு காரணம் என்றால், பதிவேட்டில் அந்த நிலங்களுக்கு உள்ள நிலையும் மற்றொரு காரணம். மேலும், ஒப்படையாகக் கிடைத்தவற்றில் பலவும் மானாவாரித் தரிசே. வளமற்ற நிலம் தானாகத் தப்பும் என்பது உண்மையானால் அவையும் தப்பியிருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு நிர்வாகம் சார்ந்தது. தாழ்த்தப்பட்டோருக்கென்று அலுவலரே இல்லை என்று சொல்ல முடியாது. 1920 முதல் தொழிலாளர் ஆணையரின் துறை இயங்கியது. சரிதான். அத்துறை மனை வாங்கிக் கொடுத்தது, பள்ளி நடத்தியது, கூட்டுறவுச் சங்கம் அமைத்தது. ஆனால் கொடுத்த நிலம் யார் கையில் இருக்கிறது என்று ஆண்டுதோறும் பார்த்துத் திருப்பி எடுக்கும் அதிகாரம் வருவாய்த் துறையிடமே இருந்தது. ஊரளவில் அந்த அதிகாரம் மணியக்காரர், கர்ணம் கையில். அந்தப் பதவிகள் பெரும்பாலும் நிலமுடைய சாதிகளுக்குள் பரம்பரையாகச் சென்றன. நிபந்தனையை மீறி வாங்குபவரும், மீறலைப் பதிய வேண்டியவரும் ஒரே தெருவில் இருந்தார்கள். உப்புக் காவலர் அயலூரிலிருந்து வந்தவர். மேலதிகாரிக்கு மட்டும் பதில் சொல்பவர். இரண்டு நிர்வாகங்களுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

மூன்றாவது மறுப்பு: இது காலனியத்தின் விளைவா, சாதியின் விளைவா? பிரித்துக் கேட்பதிலேயே சிக்கல் இருக்கிறது. சாதி காலனியத்துக்கு முந்தியது. தர்மா குமார் காட்டியது போல நிலமின்மையும் முந்தியது. காலனிய ஆட்சி சேர்த்தது, அந்த ஏற்றத்தாழ்வுக்கு ஓர் எழுத்து வடிவத்தையும் நீதிமன்றத்தில் நிற்கும் வலுவையும். அதைச் சேர்த்த அதே ஆட்சிதான் 1892இல் ஒரு பரிகாரத்தையும் எழுதியது. வரி வர வேண்டிய இடத்தில் எழுத்துக்குக் காவலரைக் கொடுத்தது. பரிகாரத்துக்கு எழுத்தை மட்டும் கொடுத்தது.

7. தொடர்ச்சி

1947க்குப் பின் இந்த ஏற்பாடு தானாக நீடிக்கவில்லை, நாம் நீட்டித்தோம். கர்ணம் பதவி 1980களின் தொடக்கத்தில் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்தார். 1979 முதல் 1987 வரை தமிழகத்தில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. அனுபவத்தில் இருப்பவர் பெயருக்குப் பட்டாவைத் திருத்துவதற்கு அது வாய்ப்பளித்தது. பல ஊர்களில் பழைய நிபந்தனைக் குறிப்பு புதிய பதிவேட்டில் ஏறாமலே போனது என்பது பஞ்சமி நில மீட்பில் ஈடுபட்டவர்கள் தொடர்ந்து சுட்டும் குறை. மீறிய விற்பனை செல்லாது என்று உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் கூறியிருக்கிறது. ஆனால் வழக்குக்குச் செல்ல வேண்டியவர் நிலத்தை இழந்தவர். நிரூபிக்கத் தேவையான ‘அ’ பதிவேடு இருப்பது தாலுக்கா அலுவலகத்தில்.

இந்த முரண் 1994இல் இரத்தம் சிந்தியது. செங்கல்பட்டு அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கத் தலித் மக்கள் அங்கு அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள், சிலை அகற்றப்பட்டது. அதை எதிர்த்து அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் இறந்தனர். ஒப்படை ஆணை பிறந்து 102 ஆண்டுகள் ஆகியிருந்தன. அரசு எழுதிய நிபந்தனையை நிறைவேற்றுமாறு அரசையே கேட்டவர்கள் மீது துப்பாக்கி திரும்பியது. எழுதப்பட்ட உரிமைக்கும் காவலுக்கும் இடையே உள்ள பிளவுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அதற்குச் சில ஆண்டுகளுக்குள் சிறுசேரியும் கேளம்பாக்கமும் தகவல் தொழில்நுட்பச் சாலையின் ஊர்களாயின. மனை வாங்குபவர் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று பார்க்கிறார், தாய்ப்பத்திரம் கேட்கிறார், வங்கி வழக்குரைஞரும் அதைத்தான் பார்க்கிறார். முப்பது ஆண்டுக்கு முன்பே நிபந்தனை மீறி நிலம் கைமாறியிருந்தால் அந்தச் சான்று அதைக் காட்டாது. எல்லாத் தாளும் சரியாக இருக்கும் ஒரு விற்பனையின் அடியில் 1892ஆம் ஆண்டு நிபந்தனையின் மீறல் உறங்கலாம். வாங்குபவரும் அறியாமலே அதில் பங்காளியாகிறார்.

8. முடிவு

காலனியத்தின் எச்சத்தைப் பேசும்போது நாம் இரண்டு பழகிய முடிவுகளில் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். பழைய ஊரை வெள்ளைக்காரன் கெடுத்தான் என்பது ஒன்று. ஒடுக்கப்பட்டவனுக்கு முதலில் நிலம் கொடுத்தவனும் அவனே என்பது மற்றொன்று. கேளம்பாக்கம் வட்டாரத்தின் சான்றுகள் இரண்டுக்கும் முழுதாக இடம் கொடுக்கவில்லை. பழைய ஊர் எல்லோருக்கும் நெல் அளந்தது. நிலத்தைச் சிலருக்கே அளந்தது. கம்பெனி அந்தச் சிலரின் சொல்லைக் கேட்டு எழுதிக்கொண்டது. பின்னர் வந்த அரசு பிழையை உணர்ந்து திருத்தம் எழுதியது. திருத்தத்தைக் காக்க ஆளை வைக்கவில்லை. விடுதலை பெற்ற அரசு பதிவேட்டையும் அந்தப் பழக்கத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது.

ஆகவே இந்த எச்சத்தைக் களைவது வரலாற்று நீதி என்ற பெரிய சொல்லோடு தொடங்க வேண்டியதில்லை. கோயில் நிலம், வக்பு நிலம், பூதான நிலம் ஆகியவற்றின் பத்திரத்தை மறுக்கப் பதிவுச் சட்டத்தில் தமிழக அரசு 22-அ பிரிவைச் சேர்த்திருக்கிறது. அந்த வரிசையில் பஞ்சமி நிலமும் பெயர் சொல்லி இடம்பெற வேண்டும். 1892 முதல் நிபந்தனையோடு ஒப்படைத்த சர்வே எண்கள் ஊர்வாரியாக வெளியிடப்பட்டு, பதிவு அலுவலகக் கணினியிலேயே தடை விழ வேண்டும். கேளம்பாக்கம் வட்டாரத்திலிருந்தே இதைத் தொடங்கலாம்; நில விலையும் நில மறதியும் சேர்ந்து உயர்ந்த வட்டாரம் இது. உப்புக்கு ஓர் அரசால் இத்தனை காவல் போட முடிந்தது என்பது, நிலத்துக்கும் முடியும் என்பதற்கான சான்று.